காது செவிடா என்று கேட்டார்கள்

போன மாதம் வீரபாண்டியில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் நம் வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மேளச் சத்தத்தில் ஒருத்தர் பேசியது இன்னொருத்தருக்குக் கேட்கவில்லை. ஆளாளுக்குக் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து "என்னங்க?" "என்ன சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு, பிறகு சிரித்துக்கொண்டார்கள். ஒருத்தர் தன் மகன் வாங்கிக் கொடுத்த காது மிஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். முந்திரிப் பருப்பு அளவுதான் இருந்தது. கை மாறிக் கை மாறி அது வரிசையின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது. என் பக்கத்திலிருந்த பழைய சிநேகிதி என் தொடையில் தட்டிச் சொன்னாள்: "உனக்கென்ன புள்ள, உனக்குப் பழகிப் போச்சு. எங்களுக்குத்தான் இப்பப் புதுசா வந்து நிக்குது."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சேலை மாற்றிய பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. என் இடது காது பனியன் கம்பெனிச் சத்தத்தில் போனது என்றுதான் உங்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் அம்மா ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். கம்பெனிக்கு நான் போனதே காது போன பிறகுதான். இதை இத்தனை வருஷம் யாரிடமும் விளக்கமாகச் சொன்னதில்லை. இப்போது உங்களுக்கும் காது மங்கத் தொடங்கியிருப்பதால் ஒருவேளை காது கொடுத்துக் கேட்பீர்கள்.

அப்போது திருப்பூரை ஒட்டிய வேலம்பாளையத்தில் இருந்தோம். ஒரே சுவரை இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளும் லைன் வீடு. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் தைக்கிற ஆள். மோட்டாரில் ஓடும் தையல் மிஷின்கள் வரிசையாக இருக்கும் இடத்தைப் பவர் டேபிள் என்பார்கள். அங்கே அவருக்கு நல்ல பெயர். அம்மா காலையில் எங்களை அனுப்பிவிட்டு, பக்கத்துக் கம்பெனியில் தைத்த பனியன்களில் பிசிறு வெட்டப் போவாள். நான் எட்டாம் வகுப்பு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கோ-கோ அணியில் இருந்தேன்.

நீங்கள் எல்லாரும் கோ-கோ ஆடியவர்கள்தான், ஆனாலும் மறந்திருப்பீர்கள். எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்திருப்பாள். ஒருத்தி மட்டும் எதிர் அணிக்காரியைத் துரத்துவாள். துரத்துகிறவள் உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு "கோ" என்றால் அந்த நொடி அவள் எழுந்து ஓட வேண்டும், இவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். "கோ" விழும் முன் எழுந்தால் தப்பு.

இந்த ஆட்டத்தைக் காலால் ஆடுவதாக எல்லாரும் நினைக்கிறார்கள். நான் காதால் ஆடினேன். முதுகுக்குப் பின்னால் வருகிற காலடியை வைத்தே யார் வருகிறாள், எந்தத் தோள் பக்கம் வருகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவள் கை என் முதுகில் படும்போதே நான் பாய்ந்திருப்பேன். வீட்டிலும் அப்படித்தான். படுத்திருந்தபடியே எந்த வீட்டு ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கிறார்கள், எந்தத் திசையில் மில் சங்கு ஊதுகிறது, அப்பா சைக்கிள் எந்தச் சந்தில் திரும்புகிறது என்று சொல்வேன். சத்தத்துக்கு ஓர் இடம் உண்டு என்பதே இப்போது எனக்குக் கேள்விப்பட்ட விஷயம் போலத்தான் இருக்கிறது.

அந்த வருஷம் எங்கள் அணி நன்றாக வந்தது. அப்பாவுக்குப் பெருமை. கம்பெனியில் கழித்துப் போட்ட துணியைக் கேட்டு வாங்கி வந்து, அணி முழுக்கக் கை வைத்த பனியன் தைத்துக் கொடுத்தார். இளமஞ்சள் துணி. நீலத் துணியில் எண்களை வெட்டி முதுகில் வைத்துத் தைத்திருந்தார். என்னுடையதற்கு மட்டும் கழுத்துப் பட்டியை இரட்டையாக மடித்துத் தைத்திருந்தார். புதுத் துணியின் மாவு வாசமும் மிஷின் எண்ணெய் வாசமும் சேர்ந்து அடிக்கும். துவைத்தால் வாசம் போய்விடும் என்று நான் அதைத் துவைக்கக் கொடுக்க மாட்டேன்.

கோ-கோ ஆட்டத்தில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பம் இருக்கும். துரத்துகிறவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் திரும்புவாள். எங்கள் மைதானத்தில் ஒரு மரக்கம்பத்தைக் கரையான் தின்று, ஆடிக் காற்றில் அது சாய்ந்துபோனது. டிரில் மாஸ்டர் அந்த இடத்தில் ஒரு பழைய இரும்புக் குழாயை நட்டார். எங்கேயோ அடிபம்பு பிடுங்கிய இடத்திலிருந்து கொண்டு வந்தது. எங்கள் கேப்டன், பத்தாம் வகுப்பு அக்கா, "சார், சாக்கு எதாச்சும் சுத்திரலாமுங்களா?" என்று கேட்டாள். "சாக்கு சுத்துனா பிடி வழுக்கும். மேட்ச்ல உனக்கு எவன் சாக்கு சுத்தி வைப்பான்?" என்றார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயந்தரம். செம்மண் ஊறிப்போயிருந்தது. நான் துரத்திக்கொண்டு போய் இடக்கையால் குழாயைப் பிடித்துத் திரும்பினேன். கால் வழுக்கியது. கை குழாயைவிட்டு வரவில்லை. தலை போய் மோதியது. இடது காதுக்கு மேலே, கொஞ்சம் பின்னால்.

ணங் என்று ஒரு சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை.

கண் விழித்தபோது முகமெல்லாம் தண்ணீர். காதிலிருந்து கழுத்து வழியாக ரத்தம் இறங்கி மஞ்சள் பனியனின் இரட்டைப் பட்டியில் ஊறியிருந்தது. டிரில் மாஸ்டர் தன் கைக்குட்டையால் அதைத் துடைத்தார். ஒரு தடவை துடைத்தார், பார்த்தார், மடித்து மறுபடி துடைத்தார். கைக்குட்டையைப் பையில் வைக்காமல் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன். ஏன் இத்தனை விவரமாகச் சொல்கிறேன் என்றால், அவருக்கு ரத்தம் வந்தது தெரியும்.

சைக்கிளின் பின் சீட்டில் என்னை உட்கார வைத்து, கேப்டன் அக்கா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே ஓடிவர, வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டார். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. பொண்ணு வெறும் வயித்துல விளையாடியிருக்குது. மயக்கம் போட்டு விழுந்துருச்சு. காதோரம் லேசா சிராய்ச்சிருக்கு."

"வெறும் வயிறுங்களா? காலையில நாலு இட்லி தின்னுட்டுத்தானுங்க போனா."

"காலையில தின்னது சாயந்தரம் வரைக்கும் தாங்குமுங்களா? வளர்ற பிள்ளை. பாத்துக் குடுங்க."

"அம்மா, குழாயில மோதிட்டேன்" என்றேன். என் குரலே எனக்கு வேறு யாரோ பேசுவது போல இருந்தது. "பேசாத கண்ணு, போய்ப் படு" என்றாள். கேப்டன் அக்கா வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வந்தாள். மாஸ்டர் அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்கு அம்மாவுக்குப் பட்ட அடி அந்த வார்த்தைதான். பிள்ளைக்குச் சோறு போடாதவள் என்று ஒரு வாத்தியார் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனது. அப்பா வந்ததும் அதைத்தான் சொன்னாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அதைத்தான் சொன்னாள். லைன் வீட்டுப் பெண்கள் என்னைப் பார்க்க வந்தபோது, "நீயே சொல்லு கண்ணு, இட்லி தின்னியா இல்லையா?" என்று என்னைச் சாட்சிக்கு அழைத்தாள். "தின்னேன்" என்றேன். என் தலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. தூக்கினால் சுவர் சுற்றியது. குடித்த கஞ்சி வெளியே வந்தது. காலையில் எழுந்தால் தலையணையில் இடது பக்கம் ஒரு தட்டளவுக்கு ஈரமாக இருக்கும். ரத்தம் இல்லை, தண்ணீர். அம்மா தொட்டு முகர்ந்து பார்த்தாள். "மயக்கம் தெளியறதுக்கு அந்த மனுசன் குடம் குடமா ஊத்தியிருக்கான். காதுல தண்ணி போயிருச்சு" என்றாள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

காங்கேயத்திலிருந்து பெரியம்மா வந்தாள். பெரியப்பா அங்கே எண்ணெய் ஆலையில் வேலை. அன்றைக்கு ஆட்டிய தேங்காய் எண்ணெயைத் தூக்குப்போசியில் கொண்டு வந்திருந்தாள். அதில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, விரலால் தொட்டுச் சூடு பார்த்து, என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். பெரியம்மாவுக்கு என் மேல் கொள்ளைப் பிரியம். அந்த மடியின் சூடும் பூண்டு வாசமும் இன்னும் எனக்குப் பிடிக்கும். அதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"சூடு பொறுக்குதா கண்ணு?"

பொறுத்தது. காதில் எண்ணெய் விட்டால் மொறுமொறுவென்று ஒரு சத்தம் உள்ளே இறங்குமே, உங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் அதற்காகக் காத்திருந்தேன். சூடு இறங்கியது, சத்தம் வரவில்லை. "பெரியம்மா, ஊத்துனீங்களா?" என்று கேட்டேன். "ஊத்திட்டேன் சாமி" என்று அந்தப் பக்கமாகவே குனிந்து சொல்லியிருப்பாள் போல. உதடு அசைவதைத்தான் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் தண்ணீர் வருவது தானாக நின்றது. எண்ணெய்க்குத்தான் நின்றது என்று எல்லாருக்கும் நிம்மதி. நானும் எழுந்து நடந்தேன். பள்ளிக்கூடம் போனேன். போட்டி நெருங்கிவிட்டதால் டிரில் மாஸ்டர் என்னை மறுபடியும் அணியில் சேர்த்துக்கொண்டார். பயிற்சியில் தடுமாறினேன். "படுத்தே கெடந்தா அப்படித்தான். ஓட ஓடச் சரியாயிரும்" என்றார்.

போட்டி திருப்பூரில் வேறொரு பள்ளி மைதானத்தில். எங்கள் தலைமை ஆசிரியை வெள்ளைச் சேலை கட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பிள்ளைகளின் கூச்சல். உட்கார்ந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாச் சத்தமும் வலது பக்கத்திலிருந்தே வந்தது. இடது பக்கம் உலகமே இல்லை, ஒரே ஒரு ரீங்காரம் மட்டும். பின்னால் வருகிற காலடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. "கோ" என்று கேட்டது. எழுந்து பாய்ந்தேன். அது எனக்கில்லை, பக்கத்தில் இருந்தவளுக்கு. விசில் அடித்தார்கள். அடுத்த தடவை பயந்துகொண்டு காத்திருந்தேன். முதுகில் கை பட்ட பிறகும் அது நிஜம்தானா என்று ஒரு கணம் நின்றேன். எதிராளி தாண்டிப் போய்விட்டாள். மறுபடி தப்பாக எழுந்தேன். மறுபடி விசில். துரத்த விட்டபோது கம்பத்தைச் சுற்றித் திரும்பினேன், மைதானம் என்னோடு சேர்ந்து திரும்பியது. எல்லார் முன்னாலும் பொத்தென்று விழுந்தேன்.

தோற்றோம். கொஞ்சத்தில் தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னால் மட்டுமே தோற்றோம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரிகிற மாதிரி தோற்றோம்.

தலைமை ஆசிரியை எழுந்து வந்தார். "என்ன சார் இது?" என்று மட்டும் கேட்டார். டிரில் மாஸ்டர் என் முன்னால் வந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஏண்டி, கோ யாருக்குக் குடுக்கறாங்கன்னு தெரியாது? காது செவிடா உனக்கு?"

நான் யோசிக்கவே இல்லை. கடைசியில் ஒருத்தர் கேட்டுவிட்டார் என்றுதான் இருந்தது.

"ஆமாங்க சார்" என்றேன்.

அறை விழுந்தது. இடது கன்னத்தில். அந்தச் சத்தம்கூட எனக்கு வலது பக்கத்திலிருந்துதான் கேட்டது, யாரோ வேறொருத்தியை அடித்த மாதிரி.

"வாய் பாத்தீங்களா மேடம்? செய்யறதும் செஞ்சுட்டு எகத்தாளம்."

"சார், அவளுக்கு நெசமாவே கேக்கறதில்லீங்க சார்" என்றது ஒரு குரல். கேப்டன் அக்கா. மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீ வாயை மூடு" என்றார். அவள் மூடிக்கொண்டாள். அவளை நான் ஒருநாளும் குறை நினைத்ததில்லை. பிறகு அவள் விளையாட்டை வைத்தே போலீஸ் வேலைக்குப் போனாள். அந்த ஒரு வாக்கியம் சொன்னதற்காக எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

டிரில் மாஸ்டரைப் பற்றி இப்போது யோசித்தால், அவருக்குத் தெரிந்திருந்தது என்றே படுகிறது. நான் "ஆமாங்க" என்றபோது அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. பயம். கை அதற்குப் பிறகுதான் எழுந்தது. பதின்மூன்று வயதில் அதை நான் எங்கே கண்டேன்.

வீட்டுக்குப் புகார் வந்தது, அடங்காத பெண் என்று. அப்பா என்னை அடிக்கிற ஆள் இல்லை. வாசலில் உட்கார வைத்து, "அம்மணி, என்ன சொன்ன நீ வாத்தியார்கிட்ட?" என்றார்.

"காது கேக்கறதில்லீங்கப்பா. இந்தப் பக்கம்."

அவர் நம்பத் தயாராகத்தான் இருந்தார். அதற்கு ஒரு சோதனையும் வைத்தார். என்னைத் தெருவைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், அடுப்படியிலிருந்து மெதுவாக, "அம்மணி" என்று கூப்பிட்டார்.

"ஏனுங்கப்பா" என்றேன்.

இன்னும் மெதுவாகக் கூப்பிட்டார். அதற்கும் பதில் சொன்னேன். வலது காது நன்றாகத்தானே இருந்தது.

வெளியே வந்து என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. "கேக்குதே கண்ணு. தோத்தா தோத்துட்டோமுன்னு சொல்லு. பொய் எதுக்கு?" என்றார். என் வலது காதை ஒரு விரலால் அடைத்துவிட்டுக் கூப்பிட்டிருந்தால் போதும். அந்த ஒரு விரல் அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அதைச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் திரும்பிப் பார்க்காத ஒவ்வொரு முறையும் வீட்டில் அதற்கு ஒரே பெயர்தான், திமிர். "வயசுக்கு வரப் போறா, அதான் திமிரு" என்று அம்மா சொல்வாள்.

மஞ்சள் பனியனை அம்மா துவைத்துக் கிழித்து, அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கரித்துணி ஆக்கினாள். ரத்தக் கறை போகவில்லை என்பது காரணம். நீல எண் பாதியாகக் கிழிந்து கொஞ்ச நாள் அடுப்படியில் கிடந்தது. அப்பா சாப்பிட உட்காரும்போது அதைப் பார்த்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வகுப்பில் என் பெஞ்சு வலது பக்கச் சுவரோரம். டீச்சர் பேசுவதெல்லாம் என் இடது பக்கம் வந்து விழுந்தது. முழுப்பரீட்சையில் தோற்றேன். அப்பா என்னைத் தன் கம்பெனிக்கே கூட்டிப் போனார். தைக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டிய துணியை மடித்துக் கொடுக்கிற வேலை. கைமடி என்பார்கள். என் வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

அங்கே எனக்கு நிம்மதியாக இருந்தது. மிஷின்கள் ஓடத் தொடங்கினால் யாருக்கும் எதுவும் கேட்காது. எல்லாரும் உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசுவார்கள். நான் அதற்குள் அதில் தேறியிருந்தேன். "புது ஆளு நெம்பச் சூட்டிகை" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் திமிர், கம்பெனியில் சூட்டிகை.

உண்மை வெளியே வந்தது ஒரு டெலிபோனால். முதலாளியம்மா ஆபீசில் இருந்தார். ஒருநாள் கறுப்பு டெலிபோன் ரிசீவரை என் கையில் கொடுத்து, "லைன்ல ஆள் வந்தாச் சொல்லு அம்மணி, நான் பில்லை எடுத்துக்கறேன்" என்றார். நான் அதற்கு முன் போனைத் தொட்டதில்லை. இடது கையில் வாங்கி இடது காதில் வைத்தேன். வெகுநேரம் நின்றேன்.

"என்னாச்சு, வரலையா?"

"சத்தமே இல்லீங்கம்மா. செத்துப் போச்சுங்க."

அவர் வாங்கிக் கேட்டார். போனில் ஒரு ஆள் கத்திக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். ரிசீவரை என் இடது காதில் அவரே வைத்தார். "கொர்ருன்னு கேக்குதா?" இல்லை. வலது காதில் வைத்தார். கேட்டது. என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எத்தன நாளா சாமி இப்படி?" என்றார். நான் அழுதேன். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அப்பாவை வரச் சொன்னார். அப்பா துணிப் பிசிறு ஒட்டிய தலையோடு வந்து நின்றார். முதலாளியம்மா சொல்லச் சொல்ல அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கடைசியில், "வெளிய யாருகிட்டயும் சொல்லிராதீங்கம்மா. பொம்பளப் புள்ளைங்க" என்றார். முதலில் வந்த வார்த்தை அதுதான்.

கோயமுத்தூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். தட்டினால் ரீங்கரிக்கும் ஒரு இரும்புக் கவையைத் தட்டி என் நெற்றியில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். வலது என்றேன். எப்போது அடிபட்டது என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல மயக்கம் போட்டு விழுந்ததுங்க" என்றார் அப்பா.

"இல்லீங்க. இரும்புக் குழாயில மோதுனேன்" என்றேன்.

"காதுல தண்ணியா ஒழுகுச்சா?"

"ஒழுகுச்சுங்க. எண்ணெய் காய்ச்சி விட்டோமுங்க, நின்னுருச்சு" என்றார் அப்பா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது காதுக்குள்ள போன தண்ணி இல்லீங்க. மண்டை எலும்பு விரிசல் விட்டு, மூளையைச் சுத்தி இருக்கற தண்ணி வெளிய வந்திருக்குது. அதுல போய் எண்ணெயை ஊத்தியிருக்கீங்க. புள்ள பொழச்சுக் கெடந்ததே பெருசு. அதுக்கு மேல ஓடி விளையாட வேற விட்டிருக்கீங்க."

அப்பா கேட்டார்: "அப்பவே கூட்டியாந்திருந்தா காது வந்திருக்குமுங்களா?"

"நரம்பு அன்னைக்கே போயிருக்கும். வந்திருக்காது."

பஸ்ஸில் அப்பா என் வலது பக்கம் உட்கார்ந்தார். மடியில் கிடந்த என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவர் மூச்சு லேசாகி வந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "அப்பவே போயிருந்தாலும் வந்திருக்காதாமா" என்றார். அம்மா கும்பிட்டு, "முருகா" என்றாள். டாக்டர் சொன்ன மற்றதை அவர் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. நான் சொன்னபோது அம்மா, "அதான் வந்திருக்காதுன்னு சொல்லிட்டாங்கல்ல, இன்னும் என்ன?" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் எல்லாரையும் விடுதலை செய்தது. பெரியம்மாவை, அம்மாவை, அப்பாவை, எங்கோ மாற்றலாகிப் போய்விட்ட டிரில் மாஸ்டரை. நான் பொய்க்காரி இல்லை என்று மட்டும் யாரும் ஒரு வாக்கியம் சொல்லவில்லை. அப்பா சாகும் வரை சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது, அம்மா பாயை இழுத்து இழுத்துப் போட்டு, மாப்பிள்ளை வீட்டார் என் வலது பக்கம் வருகிற மாதிரி அமைத்தாள். பிறகு தெரிய வந்தபோது, கம்பெனி மிஷின் சத்தம் என்றாள். அவர்களும் பனியன் தொழில்தான். "எங்க ஊட்லயும் நாலு பேருக்கு அப்படித்தானுங்க" என்று விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் கேட்காமல், தெருவில் நடக்கும்போது என் வலது பக்கத்துக்கு மாறிக்கொண்டார். அவர் இருந்த வரையில் அப்படித்தான் நடந்தார்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். எண்பது தாண்டிவிட்டது. காது மட்டும் அத்தனை கூர்மை. அடுத்த வீட்டில் குக்கர் எத்தனை விசில் வைத்தார்கள் என்று சொல்வாள். நடுக்கூடத்தில் நான் மத்தியானம் டிவி பார்ப்பேன். அம்மாவும் வந்து பக்கத்தில் உட்காருவாள். என் மருமகள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை. கொஞ்ச காலமாக வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கிறாள். அவள்தான் போன வாரம் அடுப்படியில் என் வலது பக்கம் வந்து நின்று கேட்டாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? பாட்டி தினமும் மத்தியானம் உங்க கிட்ட பேசிக்கிட்டே இருக்காங்க. நீங்க ஏன் ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்ல மாட்டேங்கீங்க?"

"எங்கிட்டயா? எப்பப் பேசறாங்க?"

"டிவி பாக்கும்போது. உங்களுக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு" என்று என் இடது தோளைத் தொட்டாள். "ரொம்ப நாளா பாக்கேன். சின்னக் குரல்ல பேசுதாங்க. நேத்து அழக்கூடச் செஞ்சாங்க. எனக்கு அந்த ரூம்ல கேக்கும். என்ன பேசுதாங்கன்னு சொல்லட்டுமா அத்தை?"

நான் கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவி முடித்தேன்.

"வேண்டாம் கண்ணு" என்றேன். "எனக்குக் கேக்கணுமுன்னா அவங்களே இந்தப் பக்கம் வந்து உக்காரட்டும். எந்தப் பக்கமுன்னு அவங்களுக்குத் தெரியும்."

அவள் போய் அம்மாவிடம் சொன்னாளா என்று தெரியாது. மறுநாள் மத்தியானம் நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். உட்காரும் முன், வலது பக்க நாற்காலியில் குவிந்து கிடந்த துணிகளை மடித்து எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அம்மா வந்தாள். அந்த நாற்காலிக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் பின்னாலேயே சுற்றிப் போய் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டாள். சற்று நேரத்தில், பேசுகிறவளின் மூச்சு என் இடது தோளில் சூடாகப் பட்டது.

நான் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.